கீழே தங்கும் துளி

வெலிங்டன் ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில்
எனக்கு முன்னால் நின்ற தொப்பி திரும்பியது.
உத்தய்யா சார்.
அப்படித்தான் ஆரம்பித்தது இந்த வியாழக்கிழமை.

பெட்போர்டில் இறங்கி மேட்டுவழி ஏறினால் நாலாவது கேட்.
நாயைக் கட்டிப்போட்டுவிட்டு
சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்.
பிஸ்கட் டின்னில் நாற்பது வருஷத்துக்குமேல் கிடந்தவை.
ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டதை
இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்தாராம்.
ஒரு படத்தில் மட்டும் லேசாக மாவு வாசனை.

"போஜன், இது எந்த மெஷின், சொல்லு."
வால் எண் அழிந்திருந்தது. எண் எதற்கு?
இடது கதவுக்குக் கீழே நான் போட்ட ஒட்டு.
ஏழு ரிவெட். ஏழாவது கோணல்.
சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அவருக்கு எல்லாம் மேலிருந்து ஞாபகம்.
லோஹித் ஆறு சடை பிரித்துப்போட்டதுபோல் கிடந்தது,
வெள்ளத்தில் ஒரு கர்ப்பிணியைத் தூக்கிவந்தது.
ஏறியவள் ஒருத்தி, இறங்கியவர் இரண்டு பேர்,
லோட் ஷீட்டைத் திருத்தி எழுதினாராம்.

எனக்குக் கீழிருந்து.
விசிறி நின்றபின்னும் காதுக்குள் சுற்றிக்கொண்டிருப்பது,
கிரீஸ் விரலால் பிய்த்துத் தின்ற பூரி,
சாயங்காலம் மலைக்குப் பின்னாலிருந்து
சத்தத்தை எண்ணுவது.
போனது இரண்டென்றால் வருவதும் இரண்டு.

கடைசிப் படம் டீ கோப்பைக்கு அடியில் இருந்தது.
வந்ததிலிருந்தே அதன் ஓரம் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

சைகியா. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கி
யாரிடமோ எதையோ சொல்லிச் சிரிக்கிறான்.
இருபத்துமூன்று.
பின்னால் அவன் ஏறப்போகும் சேத்தக்.
ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, நான்.
டாங்கின் அடியிலிருந்து பிடித்த எரிபொருளை
பாட்டிலோடு வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறேன்.

தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும்.
முத்தாக உருளும்.
ஒரு துளி போதும்.
பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.
அன்றைக்கு ஒரு சத்தம்தான் திரும்பி வந்தது.

மேகம் என்றது விசாரணை.
தாளிலும் மேகம் என்றே எழுதினார்கள்.
நானும் தலையாட்டினேன்.
அதன்பிறகு
ரேஷன் மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய்,
பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து
எதையும் வெளிச்சத்தில் காட்டாமல் ஊற்றியதில்லை.
கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என் மனைவி.

"நான் பின்னாலேயே வந்தேன், போஜன்.
ரேடியோவில் அவன் பேசும்போது
குரலுக்குப் பின்னால் இன்ஜின் ஒரே சீராக ஓடியது.
பிசிறே இல்லை.
எனக்குத் தெரியும்.
உனக்குத் தெரியாது என்பது
இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை."

லென்ஸை நீட்டினார்.
அதற்குள்ளும் பாட்டில் அரிசிமணி அளவுதான்.
"பார், தெளிவாக இருக்கிறது."
கறுப்பு வெள்ளைப் படம் சார், என்றேன்.
இதில் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும்.

அவர் பதில் சொல்லவில்லை. நாய் சங்கிலியை இழுத்தது.

ஜன்னலில் மூட்டம் ஏறியிருந்தது.
சில்வர் ஓக் போனது, கேட் போனது,
கேட்டில் மாட்டியிருந்த பால்பை போனது.
"நூறு மீட்டர்" என்றோம்,
இரண்டு பேரும் ஒரே மூச்சில்.
யாரையும் அனுப்பக்கூடாத தூரம்.

பழைய மின்கட்டண உறையில் படத்தைப் போட்டு
என் சட்டைப்பையில் அவரே செருகினார்.

எடப்பள்ளி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது.
உறையை நான் திறக்கவில்லை.
கண்ணாடியில் ஒரு துளி ஊறி, இறங்கி,
ரப்பர் விளிம்பில் போய் நின்றது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியில் ஏறியவர் பக்கத்தில் உட்கார்ந்து
முழங்கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
"எங்கேங்க இருக்கோம்?" என்றார்.
கண்ணுக்கு எதுவும் இல்லை.
சக்கரத்தின் சத்தம் மாறியிருந்தது.
"பாலம் தாண்டியாச்சு" என்றேன்.